சீட்டும் நடுநிலையும்

நம்மையொத்த இளைஞரின் வாழ்க்கைப் போக்கை அவர்தம் பிறந்த நாளே அறுதியிட்ட காலம் ஒன்றுண்டு. வியத்நாம் போர் நிகழுங்கால், 1969-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள், அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் கட்டாயப் படைச் சேவைக்கெனத் திருவுளச்சீட்டு எடுக்கப்பட்டது. 1944 முதல் 1950 வரை பிறந்த ஆடவர் அதற்கு உட்பட்டோராவர்.

ஆண்டின் 366 நாட்களும் சீட்டுகளில் எழுதப்பெற்று, நீலநிறச் சிமிழ்களில் இடப்பட்டு, கண்ணாடிக் கலத்தினின்று ஒவ்வொன்றாக எடுக்கப்பெற்றன. முதலில் வந்தது செப்டம்பர் 14. இறுதியில் வந்தது ஜூன் 8. மறு ஆண்டில் அழைக்கப்பெற்ற உயர்ந்த எண் 195. எனவே, ஓரிரவு இடையிட்டுப் பிறந்த இருவருள் ஒருவன் போர்க்கோலம் பூணவும், மற்றவன் இல்லத்திலேயே இருக்கவும் கூடுமாயிற்று. சிற்றெண் பெற்றோருட் சிலர் தரைப்படைக்கு அஞ்சித் தாமே கடற்படையிற் சேர்ந்தனர். சிலர் கனடாவுக்கு ஏகினர். சிலர் மனச்சான்றின்பொருட்டு மறுத்துச் சிறை புகுந்தனர்.

சீட்டு யாவரையும் ஒப்ப நோக்கும் என்பதே இம்முறையை வகுத்தோர் கருத்து. ஆயின், சிமிழ்கள் மாதவாரியாக இடப்பட்டு நன்கு கலக்கப்படாமையின், ஆண்டிறுதியிற் பிறந்தோர்க்குச் சிற்றெண்களே மிகுந்தன. இக்குறை 1970 ஜூலையில் நாட்களுக்கும் எண்களுக்கும் வெவ்வேறு உருளைகள் வைத்துத் திருத்தப்பட்டது. மற்றொரு குறையும் உண்டு. கல்லூரி மாணவர்க்குப் படிப்பு முடியுமளவும் தவணை கிடைத்தது. கல்லூரி புக இயலா ஏழை இளைஞர்க்கு அப்புகலிடம் இல்லை. புதிதாய்ப் புகும் மாணவர்க்குரிய அச்சலுகை 1971-இலேயே நீக்கப்பட்டது. 1973-இல் கட்டாய ஆட்சேர்ப்பே நின்றது.

கலத்தைக் கலக்கும் கையும், விலக்களிக்கும் சட்டமும் ஒரு பாற் கோடுமாயின், சீட்டின் நடுநிலையால் யாது பயன்? கல்லூரி நிழலில் அமர்ந்திருக்கும் நாம் சிந்தித்தற்குரிய வினா இது.