வீட்டைக் கட்டுமுன் கடனை எண்ணுவோம்

தலைக்கு மேல் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று விரும்புவது குற்றமல்ல. குடியிருக்கும் வீடு அல்லாஹு தஆலா அடியார்களுக்கு அருளிய நிஃமத்துகளில் ஒன்று என்பதைத் திருக்குர்ஆன் (16:80) நினைவூட்டுகிறது. ஆனால், அந்த வீட்டுக்காக நாம் எதை விலையாகக் கொடுக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 லட்சம் ரூபாயை, ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வட்டியில், 20 ஆண்டுத் தவணைக்கு ஒருவர் வாங்குகிறார். மாதந்தோறும் ஏறத்தாழ 8,997 ரூபாய் கட்ட வேண்டும். முதல் மாதத்தில் 7,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 1,497 ரூபாய்தான். தவணை முடியும்போது அவர் கட்டியிருப்பது 21 லட்சத்து 59 ஆயிரத்துக்கும் மேல். அசலைவிட வட்டியே அதிகம்!

வட்டியை அல்லாஹ் ஹராமாக்கிவிட்டான் (2:275). வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும், எழுதுபவரும், சாட்சி நிற்பவரும் பாவத்தில் பங்காளிகளே என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். "ஊரே வாங்குகிறதே" என்பது மறுமையில் பதிலாகாது.

நம்மவரிடையே உள்ள ஒத்தி வழக்கத்தையும் கவனிப்போம். ஒரு தொகையைக் கடனாகக் கொடுத்து, அது திரும்பும்வரை வாடகையின்றி வீட்டில் குடியிருக்கிறோம். கடன் கொடுத்ததற்காகப் பேசிப் பெறும் இலாபம் வட்டியைச் சார்ந்ததே என்று மார்க்க அறிஞர்கள் விளக்குகிறார்கள். பெயர் மாறினால் செயல் மாறிவிடாது.

அப்படியானால் வழி என்ன?

முதலாவது, தேவையையும் பகட்டையும் பிரித்தறிவோம். இரண்டு அறை போதுமானவருக்கு மாடி எதற்கு? இருப்பதைக் கொண்டு தொடங்கி, அல்லாஹ் தரத்தர வளர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, பெட்டியில் தூங்கும் நகை இருக்கக் கடனுக்கு அலையாதிருப்போம். மூன்றாவது, மனையை விற்பவரிடமே மொத்த விலையை ஒரே முடிவாகப் பேசித் தவணையில் வாங்கலாம். தாமதத்துக்காக விலை ஏறக்கூடாது. நான்காவது, உற்றாரிடம் வட்டியில்லா அழகிய கடன் பெறலாம்.

கடன் வாங்குமுன், வீட்டுச் செலவும் ஜகாத்தும் போக மாதம் என்ன மிஞ்சும் என்று பார்த்து, அதற்குள் அடங்கும் தவணையையே ஏற்போம். கெடுவைக் குறித்து எழுதி, சாட்சிகளையும் வைப்போம். குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து (2:282) இதைத்தான் கற்பிக்கிறது. மனைவி மக்களுக்கும் தெரிவித்து வைப்போம். நாம் மௌத்தானால், கடன் தீர்ந்த பிறகே வாரிசுகளுக்குச் சொத்து.

கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழவைக்க நபியவர்கள் முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழவைத்தார்கள். இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேறென்ன?

வசதியுள்ளோருக்கும் கடமை உண்டு. நெருக்கடியில் இருப்பவருக்குத் தவணை கொடுப்பதும், முடிந்தால் தள்ளுபடி செய்வதும் குர்ஆன் காட்டும் வழி (2:280). கடனில் மூழ்கியோருக்கு ஜகாத்திலும் பங்குண்டு (9:60). இதை ஒவ்வொரு மஹல்லாவும் நினைவிற்கொள்ள வேண்டும்.

நபியவர்கள் தொழுகையில் கடனைவிட்டும் பாதுகாப்புத் தேடி வந்தார்கள். நாமும் தேடுவோம். வல்ல நாயன் நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.