விலைப்பலகையில் ஒரு கணக்குப் பாடம்



பிளஸ் ஒன் படிக்கும் பேரனின் கணக்குப் புத்தகத்தில் 'துண்டுவாரியாக வரையறுக்கப்பட்ட சார்பு' என்றொரு பாடம் கண்டோம். பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஓர் எல்லை வரை ஒரு விதி, எல்லை தாண்டினால் வேறு விதி, அவ்வளவே. நாம் தினமும் கல்லாவில் போடும் கணக்குதான்.

இதில் இரண்டு வகை உண்டு. சென்னையில் 2013-ல் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணத்தைப் பாருங்கள். முதல் 1.8 கி.மீ.க்கு ரூ. 25, அதற்கு மேல் கி.மீ.க்கு ரூ. 12. ஐந்து கி.மீ. சென்றால் மீதி 3.2 கி.மீ.க்கு மட்டும் புது விதி, மொத்தம் ரூ. 63.40. தூரம் கூடினால் கட்டணம் கூடுமே தவிர ஒருபோதும் குறையாது. இது முதல் வகை.

எல்லையைத் தொட்டதும் முழு எடைக்கும் புது விலை போடுவது இரண்டாம் வகை. நாம் சறுக்கியது இதில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது மண்டியில் உருண்டை வெல்லத்துக்கு இப்படி எழுதிப் போட்டோம்: '25 கிலோவுக்குக் குறைந்தால் கிலோ ரூ. 50. 25 கிலோ முதல் கிலோ ரூ. 45.' பக்கத்து ஊர் மளிகைக்காரர் ஒருவர் வாரம் தவறாமல் 24 கிலோ வாங்குவார்; ரூ. 1,200 கொடுப்பார். ஒருநாள் அவருக்குப் பின்னால் நின்றவர் 25 கிலோ வாங்கி ரூ. 1,125 கொடுத்தார்.

"என்ன அண்ணாச்சி, கூட வாங்குறவருக்குக் காசு குறையுதே! இத்தனை நாளா எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றார். நமக்குப் பதில் இல்லை. பேரேட்டைப் பார்த்தோம். 16 வாரம், வாரத்துக்கு ரூ. 75 வீதம் ரூ. 1,200. அதை அவர் கணக்கில் வரவு வைத்தோம். ஆனாலும் நம் தராசின் மீது அவருக்குப் பழைய நம்பிக்கை திரும்பப் பல மாதங்கள் ஆயின.

இந்தக் குழியைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல் போதும். எல்லையில் வரும் மொத்தத் தொகையை முந்தைய கிலோ விலையால் வகுக்க வேண்டும். 1,125-ஐ 50-ஆல் வகுத்தால் 22½. ஆக 22½ கிலோவுக்கு மேல், 25-க்குள் வாங்குகிறவர் ஏமாறுகிறார்.

வருமான வரியிலும் இத்தகைய குழி உண்டு. 2025-26 நிதியாண்டின் புதிய முறையில், சம்பளம், வியாபாரம் போன்றவற்றில் வரும் 12 லட்சம் வரையிலான வரிக்குரிய வருமானத்துக்குத் தள்ளுபடி போக வரி இல்லை. 12 லட்சத்துப் பத்தாயிரம் என்றால் ஸ்லாப் கணக்கில் ரூ. 61,500 வரும். பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு இத்தனை வரியா? அதனால்தான் 'மார்ஜினல் ரிலீஃப்' என்ற சலுகை வைத்து, வரியை அந்தப் பத்தாயிரத்தோடு நிறுத்துகிறார்கள், செஸ் தனி.

நாமும் அதையே செய்தோம். 25 கிலோவுக்குள் எவ்வளவு வாங்கினாலும் ரூ. 1,125-க்கு மேல் பில் போடுவதில்லை என்று பலகையில் சேர்த்து எழுதினோம்.

சரக்கு எடுக்கும்போதும் இதே கணக்கு உதவும். 23 கிலோ தேவையென்றால் 25 எடுப்பது லாபம். 15 கிலோ மட்டுமே ஓடும் கடைக்காரர் சலுகைக்கு ஆசைப்பட்டு 25 எடுத்தால், மீதிச் சரக்கு மூட்டையில் கசிந்து முதலைத் தின்றுவிடும்.

இன்றே உங்கள் விலைப்பலகையை எடுத்து ஒவ்வோர் எல்லையிலும் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும் முன் நாமே கண்டுபிடிப்பது நல்லது.