வெள்ளம் வடிந்த பிறகு தேடும் கோப்பு

2021 டிசம்பர் 18. ஷா ஆலம், செக்‌ஷன் 25, தாமான் ஸ்ரீ மூடா. முந்தின நாள் தொடங்கிய மழை விடவில்லை. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஒரு மாதத்தில் பெய்யும் மழை ஒரே நாளில் கொட்டியது. கிள்ளான் ஆற்றை ஒட்டிய அந்தத் தாழ்வான குடியிருப்பில் கீழ்மாடிகள் மூழ்கின. மக்கள் மாடியில் நின்றபடி படகுக்குக் காத்திருந்தனர். தண்ணீர் வடிந்த பின் மெத்தைகளும் மின்சாதனங்களும் தெருவோரம் குவிந்தன.

அப்படிப்பட்ட ஓர் இடத்தில், கீழ்மாடிக் கடையில் இயங்கும் சிறிய கணக்கர் அலுவலகம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். மூலையில் ஒரு கணினி இரவும் பகலும் ஓடுகிறது. அதுதான் கோப்பு ஒத்திசைவு சர்வர். ஊழியர்களின் கணினிகளில் சேமிக்கும் ஒவ்வொரு கோப்பும் சில விநாடிகளில் அதற்கு வந்துவிடும். அங்கிருந்து இன்னொரு நகல், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றில் உள்ள உறவினர் வீட்டுக் கணினிக்குப் போகும். வாடிக்கையாளர்களின் கணக்கு என்பதால், உறவினர் வீட்டுக்குப் போகும் நகல் மட்டும் குறியாக்கம் செய்யப்பட்டுப் பூட்டிய நிலையில் போகிறது.

இப்போது அலுவலகக் கணினிகள் எல்லாம் நனைந்துவிட்டன. 'பிரிக்பீல்ட்ஸில் நகல் இருக்கிறதே' என்று உரிமையாளர் ஆறுதல் அடைவார். நகல் இருக்கிறது. அதைத் திறக்கும் கடவுச்சொல்? இரண்டு வருடத்துக்கு முன் யாரோ ஒருமுறை தட்டச்சு செய்தது. அது சர்வரின் அமைப்புக் கோப்பில் இருந்தது. அந்தக் கோப்பு எந்த இடத்தில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதற்குக் காப்பு நகலும் இல்லை. பூட்டு பத்திரமாக இருக்கிறது, சாவிதான் வெள்ளத்தில் போய்விட்டது.

அந்தச் சாவியை எங்கே தேடுவது, எப்படி வேறு இடத்துக்கு மாற்றுவது என்பதே இந்த வாரப் பாடம்.

அமைப்புக் கோப்பில் என்ன இருக்கிறது?

ஒத்திசைவு மென்பொருள் இரண்டு வகைக் கோப்புகளைக் கையாள்கிறது. ஒன்று, உங்கள் ஆவணங்கள். அவை எங்கே இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள். மற்றொன்று, மென்பொருள் தனக்காக வைத்துக்கொள்ளும் கோப்புகள். அவை எங்கே இருக்கும் என்று அதைச் செய்தவர்கள் முன்னமே தீர்மானித்துவிட்டார்கள். இதைத்தான் இயல்பிருப்பு இடம் என்கிறோம்.

2013 முதல் வெளிவரும் சின்க்திங் என்ற இலவசத் திறமூல மென்பொருளை எடுத்துக்கொள்வோம். தனக்கான கோப்புறையில் அது முக்கியமாக மூன்று பொருள்களை வைத்திருக்கிறது.

முதலாவது, கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பு. எந்தக் கோப்புறை யாரோடு பகிரப்படுகிறது, பூட்டிய நகலின் கடவுச்சொல் என்ன என்பதெல்லாம் இதில் இருக்கும்.

இரண்டாவது, சான்றிதழும் அதற்கான இரகசியச் சாவியும். இவையே கணினியின் அடையாள அட்டை. சான்றிதழிலிருந்து கணக்கிடப்படும் நீண்ட எண்ணெழுத்துத் தொடரை வைத்துத்தான் மற்றக் கணினிகள் இதை அடையாளம் காண்கின்றன. சாவி தொலைந்தால் அதே கணினியும் அந்நியனாகிவிடும்.

மூன்றாவது, எந்தக் கோப்பு எப்போது மாறியது என்ற பதிவுகளின் தரவுத்தளம். அளவில் இதுவே பெரியது. ஆனால் தொலைந்தாலும் கோப்புகளை மீண்டும் படித்து மென்பொருளே இதை உருவாக்கிக்கொள்ளும்.

ஆக, சில கிலோபைட் அளவுள்ள முதல் இரண்டும்தான் ஈடு செய்ய முடியாதவை. பலர் கிகாபைட் கணக்கில் படங்களுக்கு நகல் எடுக்கிறார்கள், இந்தச் சிறு கோப்புகளை மறந்துவிடுகிறார்கள்.

எந்த அறையில் தேடுவது?

லினக்ஸ் உலகில் எந்தப் பொருள் எந்த அலமாரியில் என்பதற்கு ஒரு மரபு உண்டு. முழுக் கணினிக்கும் பொதுவான அமைப்புகள் 'இடிசி' என்ற கோப்புறையில் இருக்கும். நாளுக்கு நாள் மாறும் தரவுகள் 'வார்' என்ற கோப்புறையில் இருக்கும். 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் வெளியிட்ட ஆர்சிங்க் என்ற பழைய ஒத்திசைவுக் கருவியை சர்வராக இயக்கினால், அது தன் அமைப்பை 'இடிசி'யில்தான் தேடும்.

சின்க்திங் அப்படியன்று. அது பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் தன் பொருள்களை வைக்கிறது. விண்டோஸில் பயனரின் 'ஆப் டேட்டா' கோப்புறைக்குள் 'லோக்கல்' என்ற பகுதியில் இருக்கும். லினக்ஸில் 'கான்ஃபிக்' என்ற மறைவான கோப்புறையில் இருந்தது. 2023 டிசம்பரில் வந்த பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவுவோருக்கு அந்த இடம் 'லோக்கல்' என்ற மறைவான கோப்புறைக்குள் 'ஸ்டேட்' என்ற பகுதிக்கு மாறியது. பழைய இடத்தில் ஏற்கெனவே அமைப்பு இருந்தால் அதையே தொடர்ந்து பயன்படுத்தும். ஆகவே ஒரே மென்பொருள் ஓடும் இரண்டு கணினிகளில் இடம் வெவ்வேறாக இருக்கலாம்.

பலர் தடுமாறும் இடம் இன்னொன்று. 'பயனரின் கோப்புறை' என்றால் எந்தப் பயனர்? நீங்கள் சோதித்துப் பார்த்தபோது உங்கள் பெயரில் ஓடியது. பிறகு கணினி திறந்ததும் தானே தொடங்கும்படி செய்தீர்கள். அப்போது அது வேறொரு பயனர் பெயரில் ஓடக்கூடும். அந்தப் பயனரின் கோப்புறையில் பார்க்கும், ஒன்றும் இருக்காது. உடனே புதிய அமைப்பையும் புதிய அடையாள அட்டையையும் உருவாக்கிக்கொண்டு, எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும். திரையில் உங்கள் கோப்புறை ஒன்றும் தெரியாது. 'எல்லாம் அழிந்துவிட்டது' என்று பதற வேண்டாம். பழைய அமைப்பு பழைய இடத்தில் அப்படியே இருக்கிறது.

இடத்தை மாற்றும் முறை

சின்க்திங்கில் 'பாத்ஸ்' என்ற கட்டளை இப்போதைய இடங்களைப் பட்டியலிட்டுக் காட்டும். அதைக் குறித்துக்கொண்டு இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. மென்பொருளை முழுவதுமாக நிறுத்துங்கள். ஓடும்போது நகல் எடுத்தால் தரவுத்தளம் பாதி எழுதிய நிலையில் சிக்கும்.

2. பழைய கோப்புறையைப் புதிய இடத்துக்கு நகலெடுங்கள். உடனே அழிக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றி வையுங்கள்.

3. புதிய கோப்புறையின் உரிமையாளர், மென்பொருள் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அவராக இருக்க வேண்டும். இரகசியச் சாவியை அவர் மட்டுமே படிக்க முடிய வேண்டும்.

4. தொடக்கக் கட்டளையில் 'ஹோம்' என்ற விருப்பத்தைச் சேர்த்துப் புதிய இடத்தை எழுதுங்கள். அமைப்பு ஓரிடம், தரவுத்தளம் வேறிடம் வேண்டுமென்றால் 'கான்ஃபிக்', 'டேட்டா' என்று இரண்டு தனி விருப்பங்கள் உண்டு. தானே தொடங்கும் சேவையின் கட்டளையிலும் இதே மாற்றம் வேண்டும்.

5. மென்பொருளைத் தொடங்கி, அடையாளத் தொடர் பழையதுதானா என்று பாருங்கள். புதியதாக இருந்தால், அது இன்னும் தவறான இடத்தைத்தான் பார்க்கிறது. நிறுத்திவிட்டு நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

6. சில நாள் சரியாக ஓடிய பிறகு பழைய கோப்புறையை நீக்குங்கள்.

செய்யக்கூடாதவை மூன்று

அமைப்புக் கோப்புறையை, ஒத்திசைக்கப்படும் ஆவணக் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். 'தானாகவே நகல் ஆகிவிடுமே' என்று தோன்றும். உங்கள் இரகசியச் சாவியும் கடவுச்சொற்களும் பகிர்ந்துகொள்ளும் எல்லோருக்கும் போய்ச்சேரும்.

ஒரே அடையாள அட்டையை இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள். மற்றக் கணினிகளுக்கு யார் உண்மையானவர் என்று தெரியாது.

கழற்றக்கூடிய வெளி வட்டில் வைப்பதாக இருந்தால் கவனம். வட்டு இணைவதற்கு முன் மென்பொருள் தொடங்கினால், காலி இடத்தில் புதிய அமைப்பை உருவாக்கிவிடும். ஆவணக் கோப்புறைகளுக்கு இந்த ஆபத்தைத் தடுக்க ஒரு சின்ன அடையாளக் குறி இருக்கிறது. அது காணாமல் போனால் சின்க்திங் ஒத்திசைவை நிறுத்திவிடும், கோப்புகள் அழிந்ததாக எடுத்துக்கொள்ளாது. அமைப்புக் கோப்புறைக்கு அந்தக் காவல் இல்லை.

சொந்த இணைய சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட் பயன்படுத்துவோருக்கும் ஒரு சொல். அதன் ஆவணக் கோப்புறை, நாம் மாற்றாவிட்டால், இணையப் பக்கங்கள் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே அமையும். அதை வெளியே வைப்பதே பாதுகாப்பு. நிறுவும்போதே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றுவது பெரிய வேலை.

நகல் எங்கே?

இடத்தை மாற்றுவதால் மட்டும் கணினி வெள்ளத்தில் தப்பாது. நமக்குத் தெரிந்த ஓரிடத்தில் அமைப்பு இருந்தால், அதை மறக்காமல் நகல் எடுக்க முடியும், அதுதான் பயன். ஒத்திசைவு என்பதும் காப்பு நகல் ஆகாது. ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடங்களிலும் அழியும்.

அமைப்புக் கோப்பு, சான்றிதழ், சாவி மூன்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு, வேறொரு வீட்டில், உயரமான இடத்தில் வையுங்கள். பூட்டிய நகலின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, பிறப்புப் பத்திரமும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் உறையில் சேருங்கள். அமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் பென் டிரைவையும் புதுப்பியுங்கள்.

நம் கற்பனைக் கணக்கர் இதைச் செய்திருந்தால், புதிய கணினி வாங்கிய அன்றே மூன்று கோப்புகளையும் அதில் வைத்து, பிரிக்பீல்ட்ஸ் நகலிலிருந்து தன் ஆவணங்களைத் திரும்பப் பெற்றிருப்பார். இந்தச் சனி, ஞாயிறில் உங்கள் சர்வரின் அமைப்புக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் கிடைக்கவில்லை என்றால், அதை நீங்கள் அறிந்த இடத்துக்கு மாற்றும் நேரம் வந்துவிட்டது. வருடக் கடைசி மழைக்கு முன் செய்துவிடுங்கள்.