எள்ளுருண்டை ஏன் சாப்பிடவில்லை?



எங்கள் வீட்டில் ஒரு பாம்பு இருக்கிறது. உண்மையாகத்தான்! பயப்பட வேண்டாம், அதற்கு நஞ்சு இல்லை. போல் பைதன் என்பது அதன் இனம். மலைப்பாம்புக் குடும்பத்தில் சின்னது. கானா, டோகோ, பெனின் போன்ற ஆபிரிக்க நாடுகளில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் வாழும். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிடும். அதைப் பார்த்துத்தான் அம்மம்மா எள்ளுருண்டை என்று பெயர் வைத்தா.

(இங்கிலாந்தில் இதை வளர்க்கலாம். இந்தியாவில் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விடுமுறைக்குப் போகிறவர்கள் கவனம்!)

வந்த அன்றைக்கே நான் பெரிய பிழை விட்டேன். மச்சான், மச்சாள் எல்லோர் கையிலும் கொடுத்துக் காட்டினேன். கண்ணாடிப் பெட்டியை ரீவிக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த நாள் எலி கொடுத்தேன், சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் கொடுத்தேன். மூக்கைத் திருப்பிக்கொண்டது. இப்படியே ஏழு கிழமை! 740 கிராம் இருந்தது 690க்கு இறங்கிவிட்டது. செத்துப்போகுமோ என்று இரவில் நித்திரை வரவில்லை. "நீ ஓயாமல் போய்ப் பார்த்தால் அது எப்படிப் பிள்ளை சாப்பிடும்? அதுக்கும் வெக்கம் இருக்கும்" என்றா அம்மம்மா. நான் சிரித்தேன். ஆனால் ஊர்வனவைப் பார்க்கும் மிருக வைத்தியரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்!

அவர் முதலில் வாயைத் திறந்து பார்த்தார், மூச்சில் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தார். வாயில் நுரை, மூச்சு இழுப்பு இருந்தால் அது நோய், வீட்டு வைத்தியம் சரிவராது. எள்ளுருண்டைக்கு அப்படி ஒன்றும் இல்லை. தோல் உரிக்கப் போகும்போது கண் நீலமாக மங்கும், அப்போதும் சாப்பிடாது. அதுவும் இல்லை. "சூடு எவ்வளவு?" என்று கேட்டார். 31 பாகை என்றேன், பெருமையாக. வீட்டுக்கு வந்து வெப்பமானியைத் தரையில் வைத்துப் பார்த்தால் 26தான்! நான் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடியில் மேலே ஒட்டியிருந்த வெப்பமானியை. பாம்பு கிடப்பது கீழே அல்லவா? பாம்பு குளிர்க்குருதிப் பிராணி. வெளிச்சூடு இல்லாவிட்டால் அதற்குச் செமிக்காது. செமிக்காத இரை வயிற்றுக்குள்ளேயே பழுதாகிவிடும். அதனால் சாப்பிடாமல் இருந்ததும் ஒரு விதத்தில் கெட்டித்தனம்தான்.

பெட்டியை அண்ணாவின் அறைக்கு மாற்றினோம். (அண்ணா இரண்டு நாள் கதைக்கவில்லை.) மூன்று பக்கமும் கடதாசி ஒட்டி மறைத்தோம். தேர்மோஸ்டாட் பூட்டி ஒரு பக்கம் 32 பாகை, மறுபக்கம் 25 பாகை வைத்தோம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஒளிவிடம். ஒளிவிடம் பெரிதாக இருக்கக்கூடாது, உடம்பு சுவரில் முட்டவேணும். அப்போதுதான் வளைக்குள் இருப்பதுபோல் அதற்குத் தைரியம் வரும். ஒன்றுதான் வைத்தால் சூடா, பாதுகாப்பா என்று அது தெரிவு செய்ய வேண்டி வரும், பாவம். பிறகு பத்து நாள் தண்ணீர் மாற்றினதைத் தவிர நான் கையே வைக்கவில்லை. இதுதான் எனக்கு மிகவும் கஷ்டம்!

பதினோராம் நாள் பொழுதுபட்ட பிறகு, உறைய வைத்த எலியை எடுத்தோம். உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் காயப்படுத்திவிடும், அதனால் கொடுப்பதில்லை. எலியின் நிறை பாம்பின் நிறையில் பத்தில் ஒரு பங்கு. குளிர்சாதனப் பெட்டியில் இளக விட்டு, பையில் போட்டுச் சுடுதண்ணீரில் வைத்தோம். போல் பைதனின் உதட்டோரம் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. அவற்றால் உடற்சூட்டை இருட்டிலும் அறியும். ஆறின எலி அதற்கு இரையாகவே தெரியாதாம். விளக்கை அணைத்துவிட்டு நீள இடுக்கியால் பிடித்து மெதுவாக அசைத்தேன். நாக்கு வெளியே வந்தது. ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... டக்! பிடித்துச் சுற்றிவிட்டது! நான் சத்தம் போடாமல் அழுதேன்.

சாப்பிட்டு இரண்டு நாள் தொடவில்லை, தொட்டால் கக்கிவிடும். சாப்பிடாவிட்டால் மறுநாளே திரும்பக் கொடுக்காமல் ஒரு கிழமை பொறுக்கச் சொன்னார் வைத்தியர். வளர்ந்த போல் பைதன் குளிர்காலத்தில் மாதக்கணக்கிலும் சாப்பிடாமல் இருக்குமாம். நிறை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மட்டும் உடனே கொண்டுவரச் சொன்னார். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நிறுத்து எழுதுகிறேன். இப்போது 752 கிராம்.

போன கிழமை தோலைக் கிழியாமல் முழுசாக உரித்தது. அதில் ஒரு துண்டைக் கீழே ஒட்டியிருக்கிறேன். தொட்டுப் பாருங்கோ, ஆனால் தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேணும். ஊர்வனவின் உடம்பில் சல்மொனெல்லாக் கிருமி இருக்கும்.