கதை முடிந்ததும் நிறுத்துங்கள்

கே: ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். "இயேசு சொல்ல வந்ததை நேரடியாகவே சொல்லியிருக்கலாமே, எதற்கு உவமை?" என்று ஒரு சிறுவன் கேட்கிறான். என்ன சொல்வது?

ப: கெட்டிக்காரப் பையன்! சீஷர்களும் இதைத்தான் கேட்டார்கள் (மத்தேயு 13). அவனுக்கு லூக்கா 10-ஐ எடுத்துக் காட்டுங்கள்.

தனக்குப் பிறன் யார் என்று நியாயசாஸ்திரி ஒருவன் கேட்கிறான். எல்லோரும்தான் என்று சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பான். இயேசுவோ அவனை எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதையில் கொண்டுபோய் நிறுத்துகிறார். ஏறக்குறைய 1,000 மீட்டர் இறக்கம். கள்ளர் பயம் வேறு. குற்றுயிராய்க் கிடப்பவனைப் பார்த்தும் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போகிறார்கள். யூதர்கள் ஒதுக்கிய சமாரியன்தான் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டுகிறான்; சத்திரக்காரனிடம் பணமும் கொடுக்கிறான். மூவரில் யார் பிறன் என்று இப்போது இயேசு கேட்கிறார். 'சமாரியன்' என்று சொல்ல நியாயசாஸ்திரிக்கு நாக்கு எழவில்லை. இரக்கம் காட்டியவன் என்கிறான். ஆனாலும் தீர்ப்பு அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. உவமையின் வேலை அதுதான். தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி ஆட்டுக்குட்டிக் கதை சொல்லி, அவர் வாயிலிருந்தே தீர்ப்பை வரவைத்ததும் இப்படித்தான்.

எனவே, கதை முடிந்ததும் கருத்தை நீங்களே சொல்லிவிடாதீர்கள். கெட்ட குமாரன் உவமையில் மூத்தவன் விருந்துக்குள் போனானா என்பதை இயேசு சொல்லவே இல்லை. அடுத்த வாரம் அதை வாசித்துவிட்டு, "நீயாக இருந்தால் உள்ளே போவாயா?" என்று அந்தப் பையனிடமே கேளுங்கள். யோசிக்க நேரம் கொடுங்கள்.