ஊர்க்காவல் படையினர்: தொண்டரா, ஊழியரா?

திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் கூட்டத்தை ஒழுங்குசெய்யும் காக்கி உடையினர் அனைவரும் காவலர் அல்லர். ஊர்க்காவல் படையினரும் அவர்களுள் உண்டு. இராசபாளையத்துச் சாலைகளிலும் இவர்களைக் காணலாம். உடையில் வேறுபாடு எளிதில் தெரியாது. சட்டத்திலோ அது பெரிது. காவலர் அரசு ஊழியர், இவர்கள் தொண்டர்கள். மாதச் சம்பளம் இல்லை. அழைக்கப்பட்ட நாளுக்குப் படி மட்டுமே.

1946-இல் பம்பாயில் கலவரக் காலத்தில் தோன்றிய இப்படை, 1962 சீனப் போருக்குப்பின் நாடெங்கும் பரவியது. நம் மாநிலத்துச் சட்டம் 1963-ஆம் ஆண்டினது. வேறு தொழில் உடையோர் ஓய்வு நேரத்தில் தொண்டாற்றுவர் என்பதே அதன் அடிப்படை. ஆனால் நாளடைவில் படியையே நம்பி வாழ்வோர் பெருகினர். (நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரம் நடும் நமக்கு இக்கவலை இல்லை, நமக்கு வீட்டில் சோறு உண்டு!)

இமாசலப் பிரதேசம் முதலிய மாநிலத்தார் தம்மை நிரந்தரமாக்கக் கோரி உச்ச நீதிமன்றம் சென்றனர். 2015 மார்ச்சில் வந்த தீர்ப்பு, நிரந்தரம் என்னும் கோரிக்கையை ஏற்கவில்லை. எனினும், முப்பது நாள் படியைக் கூட்டினால் காவலரின் குறைந்தபட்ச ஊதியத்திற்கு ஈடாக வரவேண்டும் என்றது. இது பாதி வெற்றியே என்பது என் கருத்து. ஒரு நாளின் விலை உயர்ந்தது. எத்தனை நாள் அழைப்பது என்பது அரசின் கையிலேயே நின்றது. நம் மாநிலத்தில் பின்னர் நாட்படி 560 ரூபாயாயிற்று. பணியோ மாதம் 5 நாளாகச் சுருங்கிய காலமும் உண்டு. கணக்குப் பார்த்தால் 2,800 ரூபாய்.