பழைய பாட்டு, புதிய ஆட்டம்

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் கல்லூரிப் பையன்கள் 1989 பாட்டுக்கு ஆடுகிறார்கள். பழைய பாட்டு எப்படித் திரும்பி வருகிறது?
– வாசகர், வாசுதேவநல்லூர்

பதில்: தானாக எங்கே வருகிறது? யாராவது கைபிடித்துக் கூட்டி வருகிறார்கள். ‘பொன்மனச் செல்வன்’ (1989) படப் பாட்டை 2024-இல் ‘லப்பர் பந்து’ படம் கூட்டி வந்தது. அதே ஆண்டு ‘குணா’ (1991) பாட்டோ ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்தில் ஏறி, மலையைத் தாண்டி நம்மிடமே திரும்பியது! இரண்டும் இளையராஜா. 2007-இல் ‘அழகிய தமிழ்மகன்’, ‘சொர்க்கம்’ (1970) பாட்டை எடுத்தபோது ரீமிக்ஸ் செய்தார்கள். இப்போது அசலையே ஒலிக்க விடுகிறார்கள்; என் ஓட்டு இதற்குத்தான். சின்ன வயதில் டீக்கடையிலும் பஸ்ஸிலும் காதில் விழுந்ததை, கையில் கேமரா கிடைத்ததும் இயக்குநர்கள் படத்தில் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால், பாட்டைப் போல மேளம் திரும்பி வரவில்லை. உங்கள் பக்கத்துக் கொடைகளில் நாகஸ்வரம், தவில், பம்பையோடு முழங்கிய நையாண்டி மேளத்தின் இடத்தில் இன்று பல ஊர்களில் கேரளத்துச் செண்டை நிற்கிறது. நையாண்டி மேளத்தைத் திருப்பிக் கூட்டி வர சினிமா போதாது, விழாக் கமிட்டிதான் மனசு வைக்க வேண்டும். அடுத்த கொடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், நையாண்டி மேள செட்டையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.